அல்லதுக்குப் பின்னால் இருந்த பிள்ளை

குருண் கடைத்தெருவில், அபூபக்கர் சாப்பாட்டுக் கடையின் கடைசி மேசையில் மூன்று பேர். சுவரோரம், மடிக்கணினியோடு உமாராணி. அவளுக்கு எதிரே, தாளும் பேனாவுமாகத் தோட்டத் தொழிலாளர் சங்கச் செயலாளர் குணாளன். பக்கவாட்டில், நாற்காலி நுனியில், செம்பனைக்கு மருந்தடிக்கிற புஷ்பவள்ளி. கல்லாவில் அபூபக்கர்.

வியாழக்கிழமை, மணி மூன்றரை. ஐந்துக்குத் தபால் நிலையம் மூடினால், பிறகு ஞாயிறுதான் திறக்கும்; இங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. செவ்வாயன்று மாவட்டச் சுகாதாரக் குழு கூடும்போது கடிதம் அங்கே இருக்காது.

தோட்டத்துக் கீழ் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிள்ளைகளுக்கு முகம் வீங்குகிறது. கால் வீங்குகிறது. சிறுநீர் நுரைத்துப் போகிறது. முதல் கடிதம் எழுதியபோது ஒன்பது பிள்ளைகள். இப்போது பன்னிரண்டு. பட்டியலில் புஷ்பவள்ளியின் மகன் நான்காவது.

குழுவுக்கு இரண்டு கடிதம் போய், இரண்டும் திரும்பிவிட்டன. இரண்டாவதின் ஓரத்தில் ஓர் அதிகாரி மலாயில் எழுதியிருந்தார்: காரணம் தெளிவாக இல்லை. பன்னிரண்டாம் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, இந்தப் பிள்ளை தோட்டத்திலேயே இல்லையே என்றும் கேட்டிருந்தார்.

உமாராணிக்குக் கூலிம் தொழிற்சாலையில் வேலை. நல்ல பொருளுக்கும் பழுதான பொருளுக்கும் என்ன வித்தியாசம் என்று தேடித் தருகிற மென்பொருள் அவள் கையில் இருந்தது. அதற்கு முதலில் உலகத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். லயம் ஒரு வகை வீடு, தாங்கி ஒரு வகைத் தண்ணீர்த் தொட்டி, இவள் அவனுக்குத் தாய். சொல்லிக் கொடுத்தபின், நோயுள்ள பிள்ளை யார், இல்லாத பிள்ளை யார் என்று காட்டினால், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொண்டது. இருநூற்று நாற்பது விடைகளைக் கொட்டியது.

"தாய்க்குப் பிள்ளையாக இருக்கிற, வீடாகிய லயத்தை வீடாக உடைய..." குணாளன் திரையைப் பார்த்து வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "தாய்க்குப் பிள்ளையா இல்லாம வேற யாருக்குப் பிள்ளையாம்?"

"அதத்தான்ணே சுருக்கிக்கிட்டு இருக்கேன்."

"அதுக்கும் ஒரு கிளாஸ் தே தாரிக் ஊத்தவா லா? காலையிலேருந்து அதுதான் உழைக்குது" என்றார் அபூபக்கர், கல்லாவிலிருந்தே.

ஒன்றையே பத்து விதமாய்ச் சொன்னதை அவள் ஒன்றாக்கினாள். நோயுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்துவது மேலே, அதிலும் குட்டையானது இன்னும் மேலே என்று வரிசைப்படுத்தினாள். கடைசியில் முதலிடத்தில் நின்றது இது:

பூச்சிமருந்து ஸ்டோருக்குப் பின்னால் உள்ள தாங்கியின் தண்ணீரைக் குடிக்கிற பிள்ளை. அல்லது, மாடி வீட்டில் குடியிருந்து, குழாய்த் தண்ணீர் குடித்து, உடன்பிறப்பு இல்லாத, பெப்ரவரியில் பிறந்த பிள்ளை.

அல்லதுக்கு முன்னால் பதினொரு பிள்ளைகள். பின்னால் ஒரே ஒரு பிள்ளை.

அந்த ஒன்றை எப்படியாவது முன்பக்கம் கொண்டுவந்துவிட அவள் நான்கு இரவு முயன்று பார்த்திருந்தாள். பள்ளியைச் சேர்த்தாள். சாப்பாட்டைச் சேர்த்தாள். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வந்ததைக்கூடச் சேர்த்தாள். திருவிழாவுக்கு எல்லாரும்தான் வந்தார்கள். நோயில்லாத பிள்ளைகளும் அங்கேதான் மோர் குடித்தன. அல்லதுக்குப் பின்னால் தொங்கிய வால் வேறு வேறு வாலாக மாறியதே தவிர, அறுந்து விழவில்லை.

"அந்த ஒண்ண எடுத்துட்டா?" குணாளன் தணிந்த குரலில் கேட்டார்.

"ஒரே வரி ஆயிரும்."

"எடுத்துட்டா அந்தப் புள்ளய பினாங்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிப் பாக்க மாட்டாங்களே. பட்டியல்ல இருக்கிறவங்களுக்குத்தானே சோதனை."

உமாராணி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பெயர்கள் வெளியே வரக்கூடாது என்று தாய்மார் கேட்டிருந்ததால், கணினியில் எல்லாரும் எண்கள்தான். பன்னிரண்டாம் எண்ணின் மேல் சுட்டியை வைத்தாள். அழிக்கவா என்று திரை கேட்டது.

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ ரொட்டிக்குக் குழம்பு கேட்டார்கள். அவள் விரல் அப்படியே இருந்தது.

"ஏம்மா" என்றாள் புஷ்பவள்ளி. "அந்தப் புள்ளயோட அம்மாவ ஒரு வார்த்த கேக்கணும்ல. நாளைக்கு நம்ம மொகத்துல முழிக்குமா அது?"

"கேட்டுட்டேன்க்கா. சரின்னுட்டாங்க."

அழித்தாள். மறுபடி ஓடவிட்டாள். இம்முறை மென்பொருள் அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. தாங்கியின் தண்ணீரைக் குடிக்கிற பிள்ளை. நோயுள்ள பதினொன்றிலும் உண்மை. நோயில்லாத முப்பத்து நான்கில் ஒன்றில்கூட இல்லை. குணாளன் அந்த வரியை மலாயில், அழகான கையெழுத்தில், தாளின் நட்டநடுவில் எழுதினார். தாங்கியை மூட வேண்டும், இந்தப் பதினொரு பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும் என்று கீழே இரண்டு வரி. அவ்வளவுதான் கடிதம்.

உமாராணியும் புஷ்பவள்ளியும் தபால் நிலையத்துக்குள் நுழைந்தபோது மணி நான்கு ஐம்பது. கடிதத்தோடு, பிள்ளையின் பெயர் போட்டுத் தாய் கையெழுத்திட்ட சம்மதப் படிவங்களையும் வைக்க வேண்டும். உமாராணி பையிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாக எண்ணி உறைக்குள் வைத்தாள். பதினொன்று. பசையை நனைத்து ஒட்டி, உள்ளங்கையால் இருமுறை அழுத்தினாள். ஊழியர் எடை போட்டு, தபால்தலை ஒட்டி, உறையை உள்ளே வாங்கிக்கொண்டார்.

"ஐயோ, ஒண்ணு பையிலயே நின்னுருச்சேம்மா." புஷ்பவள்ளி அந்தத் தாளை உருவிப் பிரித்தாள். மகனுக்கு நிரப்பிய அதே படிவம். எங்கே என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

எண், பன்னிரண்டு. பிள்ளையின் வயது, ஐந்து. தாயின் பெயர், உமாராணி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஊழியர் உறையைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.