மூன்றாவது டார்ச்லைட்

பட்டப்பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, புது டார்ச்லைட்டைச் சுவரில் அடித்தான் சுகுமாறன்.

“இதுவும் அதே கததான் லா. சுத்தி வெளிச்சம், நடுவுல கறுப்பா ஓட்டை. உனக்கும் தெரியுதுல்ல?”

“ஆமாங்க,” என்றாள் தேன்மொழி.

“இந்த எல்.இ.டி. சாமானே இப்படித்தான். மூனாவது தடவையும் மாத்தப் போனா கடை மொதலாளி தவுக்கே சிரிப்பாரு.”

“வேற கடையில பாக்கலாங்க.”

கல்யாணமான நாள் முதல் அவள் அவனிடம் இல்லை என்று சொன்னதில்லை. ஆமாம் என்றால் வீட்டில் சத்தம் இருக்காது. முதல் இரண்டு டார்ச்லைட்டுகளுக்கும் அப்படித்தான் சொன்னாள்.

மணி இரண்டரை. அவன் டார்ச்லைட்டை அணைக்காமலே மேசையில் வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய பஸ் சாவியை எடுத்தான். செனாயில் உள்ள தொழிற்சாலைக்கு அவன் ஏற்றிப்போக வேண்டிய நாற்பது பெண்கள் காத்திருப்பார்கள்.

சுவரில் வெளிச்சம் வட்டமாக விழுந்திருந்தது. நடுவிலும் பளீரென்ற வெள்ளை. மூன்று டார்ச்லைட்டிலும் அவள் கண்டது அதுதான்.

தேன்மொழி ஓடிப்போய் வாசலை மறித்தாள்.

“போகாதீங்க. லைட்டுல ஓட்டை இல்லைங்க. எதுலயுமே இல்ல.”

அவன் அவளைப் பார்க்கத் திரும்பினான். முகத்தைத் தேடுவதுபோல அலைந்த பார்வை, அதை விட்டுவிட்டு அவள் காதுக்குப் பக்கத்தில் போய் நின்றது.