அசையாத சிப்பாய்

போரில் உயிரிழந்த ஊர்க்காரர்களின் நினைவுச் சிலைக்கு மலர்வளையம் வைக்க வந்த புது அதிகாரி, படியிலேயே நின்றுவிட்டார். கல் சிப்பாயின் முன்னால் ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சியபடி பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டீங்க! ரெண்டு பிள்ளைங்களோட நான் படுற பாட்டை ஒரு தடவையாவது நினைச்சீங்களா?"

அதிகாரி அருகில் போய்த் தொப்பியைக் கழற்றினார்.

"உங்க வீட்டுக்காரராம்மா?"

"ஆமாங்க. அதே மூக்கு, அதே மீசை."

"எந்தப் போர்லம்மா...?"

"போரா? கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே கட்டில் மேல ஏறிடுவார்!"

அதிகாரி திருதிருவென்று விழித்தார்.

"கீழே இருக்கிற பேரெல்லாம் செத்தவங்களோடதுதாங்க. ஆனா யார் மூஞ்சியைச் செதுக்கினாலும் மத்த வீட்டுக்காரங்க கோவிச்சுக்குவாங்களே! அதான் போருக்கே போகாத இவரை நிக்கவெச்சுச் செதுக்கிட்டாங்க."

"அப்போ அவர் இப்போ...?"

"சீட்டாடப் போயிருக்கார். வீட்ல நான் வாயைத் திறந்தாலே சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவார். இங்கன்னா முழுசாக் கேட்டுத்தானே ஆகணும்?"

அதிகாரி தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நீங்க வளையத்தை வெச்சுட்டுச் சீக்கிரம் நகருங்க சார். நான் இன்னும் என் மாமியார் விஷயத்துக்கே வரல."