ஒற்றைக் கோப்பை

சிலர் இதைக் குவளையின் கதை என்பார்கள். நாம் கோப்பை என்றே வைத்துக்கொள்வோம். ஆறு கோப்பைகளில் ஐந்து உடைந்து, அது ஒன்றே எஞ்சியிருந்தது.

"செட் கலைந்துவிட்டது. நாளை போகிக்கு இதையும் வெளியே போட்டுவிடலாம்" என்றாள் வீட்டுக்காரி வடிவாம்பாள்.

செட் என்றால் என்னவென்று தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கோப்பைக்குத் தோன்றியது. தட்டில் அடுக்கியிருந்த செட் தோசையைக் கேட்டது.

"மூவரும் சேர்ந்தே போவோம், தம்பி. தனியாகப் போனால் வெறும் தோசைதான்."

கோப்பையின் மனம் தளர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே இரைந்துகொண்டிருந்த பம்ப்செட்டைக் கேட்டது.

"என்னையும்தான் செட் என்கிறார்கள். எங்கே, இன்னொருவனைக் காட்டு பார்ப்போம்? தண்ணீர் வந்துகொண்டிருக்கும்வரை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லையடா."

கோப்பை சற்று யோசித்தது. பிறகு, பக்கத்தில் திறந்திருந்த அரிசி டப்பாவுக்குள் குதித்தது.

காலையில் அரிசி எடுக்க வந்த வடிவாம்பாள், கைக்கு அகப்பட்ட கோப்பையாலேயே அளந்தாள். சோறு பதமாக வந்தது. அதன்பின் வேறு எதால் அளந்தாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

பொங்கலுக்கு வந்த புதுக் கோப்பைகள் கண்ணாடி அலமாரியிலிருந்து எட்டிப் பார்த்தன.

"அண்ணே, நீங்கள் எந்த செட்?"

வாய் நிறைய அரிசி இருந்ததால் கோப்பை பதில் சொல்லவில்லை.