கல்லில் ஓர் அரிவாள்மனை

டெல்லி கோல் மார்க்கெட் ராமமூர்த்திக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமையானால் பழைய வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் போட்டோ எடுப்பார். செத்தவர் தச்சர் என்றால் கல்லில் உளி செதுக்கியிருக்கும், தையற்காரர் என்றால் கத்தரிக்கோல்.

பேர் அழிந்த ஒரு கல்லில் இருந்ததை மட்டும் காவலாளி படகு என்றான். ராமமூர்த்திக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. பலகை, வளைந்த கத்தி, நுனியில் தேங்காய் துருவும் பற்கள். சாட்சாத் அரிவாள்மனை.

"இங்க பாரேன், வெள்ளைக்காரி எவளோ கூட்டுக்குத் தேங்காய் துருவியிருக்கா" என்று மனைவி வைதேஹியிடம் போனை நீட்டினார்.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஏன்னா, ஒரு பல் இல்லியே. நம்மாத்துதுல போன வாரம் உடைஞ்ச அதே பல்."

கல்லில் இருப்பது செத்தவரின் கருவி அல்லவா? அப்படியென்றால் அடுத்த சாவு தம் வீட்டிலா என்று ராமமூர்த்தி பயந்தார். மறுநாளே வீட்டு அரிவாள்மனையைத் தூக்கிப் பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவிடம் போட்டுவிட்டு மிக்ஸி வாங்கினார்.

அடுத்த ஞாயிறு பயந்துகொண்டே போனார். கல் வழவழவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அங்கிருந்தே வீட்டுக்குப் போன் செய்தார்.

"வைதேஹி, கல்லுல ஒண்ணுமே இல்லை. இனிமே பயமில்லை."

"அது இங்க வந்துடுத்துன்னா. அடுப்படியிலதான் இருக்கு. கல்லாட்டம் என்னமா ஜில்லுனு இருக்கு, நகர்த்தவே முடியலை. சரின்னு அப்படியே அதுமேல உட்கார்ந்துட்டேன்."

"எழுந்திரு வைதேஹி."

போனில் தேங்காய் துருவும் சத்தம் மட்டும் நிதானமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.