பதினஞ்சு கிலோ

"ப்ளேன்ல ஆளுக்குப் பதினஞ்சு கிலோவுக்கு மேல ஒரு கிராம்கூட ஏத்த மாட்டான்!"

அந்தமான் கடலுக்கடியில் படமெடுக்க மனைவி சுபலட்சுமியோடு கிளம்பிய நல்லகாமன், அவள் மீது எரிந்து விழுந்தான். கேமரா, அதை நீருக்குள் கொண்டுபோகும் பெட்டி, நீச்சல் துடுப்பு எல்லாம் இருவர் பைகளையும் அடைத்திருக்க, அவற்றிலிருந்த சுபலட்சுமியின் சேலைகளை அள்ளிக் கட்டிலில் எறிந்தான். அடுத்து, பொட்டு டப்பா.

"என்னங்க, அதுல..."

"வாயத் தொறக்காத! மீனுக்கா பொட்டு வச்சுக் காட்டப் போற?"

மதுரை விமான நிலையத்தில் எடை சரியாக இருந்தது. மீசையைத் தடவிக்கொண்டான்.

மறுநாள் நடுக்கடலில், படகில் கேமராப் பெட்டியைத் திறந்தவன் கத்தினான்.

"தண்ணி புகாம இருக்க ரப்பர் வளையம் குடுத்தேனே, எங்கடி?"

"தொலைஞ்சா கொன்னுருவேன்னீங்க. அதான் பத்திரமா பொட்டு டப்பாவுல வச்சேன். வீட்டுக் கட்டில்ல கெடக்கு."