விக்கியில் பன்னிரண்டு பேர்

டாக்டர்கள் மருந்தளவு பார்க்கும் மருத்துவக் கல்லூரி நூலகத்தின் இணையத் தகவல் தொகுப்பான விக்கியைப் பன்னிரண்டு ஊழியர்கள் சேர்ந்து எழுதினார்கள். பிறகு ஜெபக்கனியைத் தவிர மற்ற பதினொரு பேரையும் வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் விக்கியில் அவர்களுடைய பெயர்கள், ஒரு கணினி நிரல் இயக்க, அவர்களைப் போலவே தொடர்ந்து எழுதின, ஒவ்வொரு திருத்தத்துக்கும் வாக்களித்தன.

அன்று காலை புதிய ஆய்விதழைப் படித்த ஜெபக்கனி பதறிப்போனாள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஒரு மருந்தைப் பாதி அளவுதான் கொடுக்க வேண்டுமாம். உடனே விக்கியில் திருத்தினாள். அடுத்த நொடியே பழைய அளவு திரும்பி வந்தது. பதினொரு பெயர்களும் திருத்தத்தை மறுத்திருந்தன. முதலில் இருந்த பெயர் வேலாயுதம்.

அவருக்கே போன் செய்தாள்.

"நான் எங்கம்மா மறுத்தேன்? மார்க்கெட்ல கத்திரிக்காய் பொறுக்கிட்டு இருக்கேன்," என்றார்.

வார்டில் சிறுநீரகம் பழுதான பொன்னுத்தாய் என்ற நோயாளிக்கு அந்த மருந்துதான், பழைய அளவிலேயே, ஏறிக்கொண்டிருந்தது. ஜெபக்கனி ஓடிப்போய் அளவைப் பாதியாக்கும்படி டாக்டரிடம் சொன்னாள்.

"விக்கியில பதினொரு பேர் சொல்றதை விட்டுட்டு உங்க ஒருத்தர் பேச்சைக் கேட்டு மாத்தினா, நாளைக்கு யாருங்க பதில் சொல்றது?" என்றார் டாக்டர்.

மாலையில் பொன்னுத்தாய் இறந்துபோனாள். ஜெபக்கனி அவள் கணவரிடம் எதையும் மறைக்கவில்லை.

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "நடந்ததை அப்படியே அந்த விக்கியில எழுதிடுங்கம்மா. இன்னொருத்தருக்கு இப்படி ஆகக் கூடாது," என்றார்.

எழுதத்தான் நூலகத்துக்குத் திரும்பினாள். கடவுச்சொல்லை விக்கி ஏற்கவில்லை. மேசைமேல் அவளுடைய பணிநீக்க ஆணை கிடந்தது. திரையில், அந்தப் பழைய அளவுக்குக் கீழே, பன்னிரண்டாவது ஒப்புதலாக ஜெபக்கனி என்ற பெயரும் சேர்ந்திருந்தது.