எட்டு நிமிடம்

செம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து வரும் காலை வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. எஸ்தர் வழக்கம்போல் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்திவிட்டு, ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, டீயோடு பால்கனிக்கு ஓடுகிறாள். அந்தக் கிழட்டுப் பெட்டி உறுமி, முனகி, எழுந்து உட்கார எட்டு நிமிடம் பிடிக்கும். அதற்குள் தலை பின்னி, நின்றபடியே டீ குடித்து, ஏரியில் முங்கும் நீர்க்காகம் எங்கே தலை தூக்குகிறது என்றும் பார்த்துவிடலாம். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவளுக்கு, நாள் முழுவதிலும் தனக்கென்று இருப்பது அந்த எட்டு நிமிடம்தான். இன்று முதல் மிடறுகூட இறங்கவில்லை, உள்ளே ‘டிங்’ என்கிறது. “பாத்தியா எஸ்தர், நேத்து புது டிஸ்க் போட்டுட்டேன், பத்தே செகண்டு!” கணவன் வில்சன் குதிக்கிறான். டீயை வைத்துவிட்டு உள்ளே வந்தால், திரையில் மேனேஜரின் செய்தி துடிக்கிறது: ‘சீக்கிரம் வந்துட்டீங்க மேடம். நல்லதாப் போச்சு, ஒரு கால் பேசிடலாமா?’ பின்னத் தொடங்கிய முடி அவிழ்ந்து தோளில் சரிகிறது. பால்கனிச் சுவரில் டீ ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. பெட்டியிலிருந்து சத்தமே இல்லை; அவள் விரல்கள் மவுஸைத் தொடுவதும் விடுவதுமாக இருக்கின்றன. வில்சன் பாராட்டுக்காகக் காத்து நிற்கிறான். “சூப்பர்ங்க” என்கிறாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தப் பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுடலயே?”